செருப்புக்குள்ள ஒரு காடு

ஒரு சின்ன டெஸ்ட் வைக்கட்டுமா?

இதைப் படிச்சுக்கிட்டு இருக்கிற இடத்துலயே கொஞ்சம் குனிஞ்சு உங்க காலைப் பாருங்க. லெதர் ஷூவா, லெதர் செருப்பா? கழட்டுங்க. ஒரே ஒரு தடவை மோந்து பாருங்க. பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டு ஒரு மாதிரி பார்ப்பான், கண்டுக்காதீங்க. கேன்வாஸ் ஷூ கோஷ்டி தப்பிச்சோம்னு நினைக்க வேணாம். பெல்ட், பர்ஸ், அப்பாவோட பழைய வாட்ச் ஸ்ட்ராப்... எதையாவது எடுங்க.

அந்த வாசனைக்குப் பின்னால ஒரு காடு இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? நம்பாட்டியும் பரவாயில்ல. இந்த வாரம் உங்களை அங்கேதான் கூட்டிட்டுப் போகப்போறேன். அதுக்கு முன்னாடி ஒரு பாவ மன்னிப்பு பாக்கி இருக்கு.

சென்னையிலிருந்து பெங்களூரு போற ரயில்ல உட்கார்ந்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. காட்பாடி தாண்டியாச்சு. குடியாத்தம் தாண்டியாச்சு. அடுத்து என்ன ஸ்டேஷன்னு யாரும் போர்டைப் பார்க்க மாட்டாங்க. கர்ச்சீப் தானா மூக்குக்குப் போகும். ஆம்பூர்!

அது என் ஊர்.

காலேஜ் முதல் வருஷம் ஹாஸ்டல்ல 'எந்த ஊரு மச்சி?'ன்னு கேட்டா, 'வேலூர் பக்கம்'னு சொல்வேன். ஆம்பூர்னு சொல்ல வாய் வராது. பிரியாணியைப் பத்திப் பேச்சு வந்தா மட்டும் காலரைத் தூக்கி விட்டுக்குவேன். ரெண்டாவது வருஷம் டூர் போனோம். அதே ரயில். ஆம்பூர் வந்தப்போ ஒருத்தன் கத்தினான்... 'டேய், ஜன்னலைச் சாத்துங்கடா. இந்த ஊர்ல எல்லாம் மனுஷன் எப்படிடா இருக்கான்?'

ஜன்னல் ஓரத்துல உட்கார்ந்திருந்தது நான். சாத்தினேன்.

அங்கேயிருந்து ரெண்டு கிலோமீட்டர்ல எங்க வீட்டுத் திண்ணையில என் தாத்தா உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷத்துக்கு மேல டேனரியில வேலை பார்த்தவர். என் முதல் வருஷ ஃபீஸுல பாதி அவர் சேர்த்து வெச்ச காசு.

லீவுக்குப் போனப்போ ரொம்பப் பெரிய ஜோக் மாதிரி இதை அவர்கிட்டயே சொன்னேன். தாத்தா சிரிக்கவும் இல்ல, கோபப்படவும் இல்ல. 'எங்க காலத்துலயும் நாறும்டா. தோலு நாறாம பூவா மணக்கும்? ஆனா அதுல பாதி பட்டை வாசன. வண்டி வண்டியா ஆவாரம்பட்ட வந்துக்கினே இருக்கும். நம்ம டேனரி காட்டுல இருந்து வந்ததுடா. ஒரு நாளு மலப்பக்கம் போய்ப் பாரு, தெரியும்'னார்.

நான் போகல. செமஸ்டர், கிரிக்கெட், சினிமான்னு ஆயிரம் வேலை. கடைசியில போனப்போ, திரும்பி வந்து சொல்றதுக்குத் தாத்தா இல்ல. அதான் உங்ககிட்ட சொல்றேன்.

பஸ் ஏறலாம் வாங்க

வேலூர்லேருந்து சுமார் 25 கிலோமீட்டர்ல அமிர்தி இருக்கு. ஜவ்வாது மலையோட அடிவாரம். பாகாயம், அடுக்கம்பாறை வழியா திருவண்ணாமலை ரோட்ல போய், கணியம்பாடி பக்கம் பெரிய ரோட்டை விட்டு மலையைப் பார்த்துத் திரும்பணும். பாகாயம் வரைக்கும் பஸ்ல நம்ம இனம்தான். காதுல இயர்போன், மடியில பேக், கையில எக்ஸாம் நோட்ஸ். அடுக்கம்பாறையில மெடிக்கல் காலேஜ் கூட்டம் இறங்கிடும். அதுக்கப்புறம் பஸ் கிராமத்து பஸ் ஆயிடும். கூடை, சாக்கு, வெத்தலை வாசனை, சத்தமான ஊர் நியாயம்.

வேலூர்க்காரங்களுக்குத் தெரியும், நம்ம ஊர் வெயில் எப்படின்னு. சுத்தி மொட்டைப் பாறை மலைங்க சூட்டை வாங்கி நம்ம மேலயே திருப்பி விடும். ஆனா கணியம்பாடி தாண்டி கொஞ்ச தூரத்துல ஒரு விஷயம் கவனிப்பீங்க. ஜன்னல் காத்து மாறும். நெல், வேர்க்கடலை, தென்னந்தோப்பு, நடுவுல ஒரு ஏரிக்கரை, கரை மேல பனை. எதிர்ல இருக்கிற மலை இப்போ மொட்டை இல்ல, பச்சை. பஸ் அதை நோக்கிப் போகப் போக, அது மலை மாதிரி இல்லாம ஒரு சுவர் மாதிரி எழும்பி நிக்கும்.

நான் போனப்போ பக்கத்து சீட்ல ஒரு பாட்டி. மலை ஊருக்குத் திரும்பிப் போறாங்க. காலியான கூடை. காலையில சீத்தாப்பழம் கொண்டுவந்து வித்துட்டு வர்றாங்களாம்.

'எங்கப்பா போறீங்க?'

'காட்டைப் பார்க்கப் பாட்டி.'

பாட்டி என்னை மேலேயும் கீழேயும் பார்த்தாங்க. 'காட்டுல இன்னா இருக்குது பாக்கறதுக்கு? மரந்தான் இருக்குது'ன்னு சிரிச்சாங்க. நியாயம்தானே? நம்ம வீட்டு வாசலை ஒருத்தன் டிக்கெட் எடுத்துப் பார்க்க வந்தா நாமளும் அப்படித்தான் சிரிப்போம்.

நாக்குல நடக்கும் கெமிஸ்ட்ரி

ரோட்டோரமா மஞ்சப் பூ பூத்த புதர் வரிசையா நிக்கும், பாருங்க. இடுப்பு உயரம், சில இடத்துல ஆள் உயரம். அதுதான் ஆவாரம். தமிழ்நாட்ல கரம்பு நிலம் எங்கே இருக்கோ அங்கெல்லாம் இது இருக்கும். ஆடு மாடு அவ்வளவா கடிக்காது, மழை இல்லாட்டியும் சாகாது. ஆவாரை பூத்த ஊர்ல சாவு ஏதுன்னு பெரியவங்க சொல்வாங்களே, அந்தச் செடி.

பஸ்ஸை விட்டு இறங்கினதும், காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே, ரோட்டோரப் புதர்ல ஒரு சின்னக் குச்சியை ஒடிச்சேன். பட்டையை நகத்தால உரிச்சு வாயில போட்டு மென்னேன். சும்மா ரெண்டு மெல்லு. அவ்வளவுதான்... நாக்கு சுருங்கிப் போச்சு. கன்னத்தோட உட்பக்கம் பேப்பர் ஒட்டின மாதிரி ஆச்சு. பிஞ்சு வாழைக்காயைக் கடிச்சா, டிகாக்ஷன் அதிகமான டீயைக் குடிச்சா வருமே, அந்தத் துவர்ப்பு. அதோட பத்து மடங்கு.

இப்போ கெமிஸ்ட்ரி ஸ்டூடன்ட்ஸ் கையைத் தூக்கலாம். அந்தத் துவர்ப்புக்குப் பேரு டானின். அது புரதத்தைக் கண்டா பிடிச்சுக்கும். நம்ம எச்சில்ல இருக்கிற வழுவழுப்பான புரதத்தைப் பிடிச்சு இறுக்கிடுது. அதான் வாய் வறண்ட மாதிரி இருக்கு. விலங்குத் தோலும் புரதம்தான். கொலாஜன்னு ஒரு நார்ப் பின்னல். செத்த தோலைச் சும்மா விட்டா ரெண்டு நாள்ல பாக்டீரியா தின்னு அழுகிடும். அதையே ஆவாரம்பட்டை ஊறின தண்ணியில போட்டு வெச்சா, டானின் உள்ளே போய் ஒவ்வொரு நாரையும் பிடிச்சுக்கும். தண்ணியை வெளியே தள்ளும். அப்புறம் அது அழுகாது. தோல் லெதர் ஆயிடுச்சு!

புரியுதா பாஸ்? உங்க நாக்குல ரெண்டு நிமிஷம் நடந்ததைத்தான் எங்க ஊர் டேனரித் தொட்டியில வாரக்கணக்கா பண்ணினாங்க. இங்கிலீஷ்ல இந்தச் செடிக்குப் பேரே 'டேனர்ஸ் காசியா'. தோல் பதனிடுறவனோட செடின்னு அர்த்தம்.

ஆவாரம் மட்டும் போதாது. அதுல ஊறின தோலைக் கடைசியில கடுக்காய்த் தண்ணியில முக்குவாங்க. தோல் ரொம்பச் சிவக்காம வெளுத்த நிறமா நிக்கும். அப்புறம் புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவிக் காயப்போடுவாங்க. கடுக்காய் மலையில காய்க்கிறது. புங்கம் ஓடைக்கரையில நிக்கிறது. மொத்த லிஸ்ட்டையும் பாருங்க, ஒரு ஃபாக்டரியோட சாமான் லிஸ்ட் மாதிரியா இருக்கு? நாட்டு மருந்துக் கடை லிஸ்ட் மாதிரி இருக்கு.

இப்படிப் பதப்படுத்தின தோல்தான் வெள்ளைக்காரன் காலத்துல மெட்ராஸ் துறைமுகத்துலேருந்து கப்பல் கப்பலா லண்டனுக்குப் போச்சு. 'ஈஸ்ட் இந்தியா லெதர்'னு உலகம் முழுக்கப் பேரு. அதுக்கு இப்போ புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. தாத்தா சொன்ன பட்டை வண்டி எங்கே போச்சுன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சது.

ஓடைக்கரையில ஒரு மத்தியானம்

சரி, உள்ளே போவோம். அமிர்தியில வனத்துறையோட ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை இருக்கு. 1967ல தொடங்கினது. 25 ஹெக்டேர். வண்டலூர் மாதிரி எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. மான், மயில்னு சின்னப் பிள்ளைங்க கைதட்டுற அளவுக்குத்தான். நமக்கு அது முக்கியமே இல்ல. அதை ஒட்டி ஓடுற ஓடையும் அதுக்கு மேல இருக்கிற காடும்தான் மேட்டர்.

முதல்ல ஒண்ணும் தெரியாது. ஊட்டி மாதிரி இருட்டான காடு இல்ல இது. இலையுதிர் காடு. வெயில் காலத்துல போனா பாதி மரம் மொட்டையா நிக்கும், 'இதுக்கா இவ்ளோ பில்டப்பு?'ன்னு என்னைத் திட்டுவீங்க. வடகிழக்குப் பருவமழை கொட்டி முடிச்ச கையோட போங்க. பாறையில தண்ணி இறங்குற சத்தம் கேட்கும். மூங்கில் ஒண்ணோட ஒண்ணு உரசும். செல்போன்ல டவர் கட்டை ஒண்ணொண்ணா இறங்கும். அதுவரைக்கும் 'செம போர்டா'ன்னு சொன்ன உங்க ஃப்ரெண்டு, தண்ணியில காலை விட்டதும் பேச்சை நிறுத்துவான். எங்க கேங்ல அப்படித்தான் நடந்தது. அரை மணி நேரம் யாரும் பேசல. எங்க கேங் வரலாற்றுல அது ஒரு ரெக்கார்டு.

அந்த அரை மணி நேரத்துல எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. இந்தத் தண்ணி எங்கே போகுது?

வேலூர்ல, ஆம்பூர்ல, வாணியம்பாடியில பாலாறுன்னா என்ன? மணல். கருவேலம். மழைக்காலத்துல சில நாள் தண்ணி. பாலாறு கர்நாடகாவுல நந்தி மலையில பிறக்குதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஆனா வழியில அதுக்குத் தண்ணி கொடுக்கிறது இந்த மாதிரி மலைகள்தான். செய்யாறு, நாகநதி எல்லாம் ஜவ்வாது மலையில பிறக்குது. மழையை இந்த மலைக்காடு பிடிச்சு வெச்சு, வேர்ல இறக்கி, கொஞ்சம் கொஞ்சமா விடுது. மரம் போனா, அதே மழை ரெண்டு மணி நேரத்துல வெள்ளமா ஓடிட்டு, மறுநாள் கிணறு காலி.

நாகநதி அப்படித்தான் பல வருஷம் வறண்டு கிடந்தது. 2014ல அதை மீட்கிற வேலை ஆரம்பிச்சது. செஞ்சது யாருன்னு நினைக்கிறீங்க? கணியம்பாடி வட்டாரத்துப் பெண்கள். ஆயிரக்கணக்குல. நூறு நாள் வேலைத் திட்டத்துல, ஓடைப்படுகையில குழி தோண்டி உறை இறக்கி, மழைத்தண்ணி பூமிக்குள்ள போற மாதிரி கிணறு கட்டினாங்க. மேல தடுப்பணையும் வெச்சாங்க. கிணத்துல நீர்மட்டம் திரும்ப ஏறிச்சு. நீங்க வர்ற வழியில பஸ் ஜன்னல்ல பார்த்த நெல்லுக்கும் தென்னைக்கும் இதுல பங்கு இருக்கு.

ஒரே மலை. அடிவாரத்துல ஒரு பக்கம் தண்ணியைக் கையால தோண்டிக் காப்பாத்துறாங்க. கொஞ்ச தூரம் தள்ளி பாலாற்றுக் கரையில நாம என்ன பண்ணினோம்?

பட்டை போய் குரோமியம் வந்தது

இது கொஞ்சம் கசப்பான பாரா. தாண்டிப் போயிடாதீங்க.

பட்டையில பதப்படுத்த வாரக்கணக்காகும். குரோமியம் உப்புல போட்டா ஒரே நாள்ல வேலை முடியும். தோல் மெத்துன்னு இருக்கும், சூடு தாங்கும், எந்தக் கலர் வேணும்னாலும் ஏறும். சென்னையில ஆல்ஃப்ரட் சாட்டர்டன் 1903லயே இதைச் செஞ்சு பார்த்துட்டார். ஆனா நம்ம பக்கம் பெரிய அளவுல வந்தது எழுபதுகளுக்கு அப்புறம்தான். 1973ல மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது, பாதி பதப்படுத்தின தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. 'தோலா அனுப்பாதே, ஷூவா செஞ்சு அனுப்பு, நம்ம ஆளுங்களுக்கு வேலை கிடைக்கும்'னு கணக்கு. கணக்கு தப்பில்ல. வேலை கிடைச்சது. டாலர் வந்தது. கூடவே குரோமியமும் வந்தது.

எல்லாரும் குரோமியத்தையே திட்டுறோம். இன்னொரு வில்லன் நம்ம கிச்சன்ல இருக்கிறவர்தான். உப்பு! தோல் வழியில அழுகாம இருக்க, உப்பு போட்டுத்தான் அனுப்புவாங்க. டேனரிக்கு வந்ததும் அதைக் கழுவணும். கழுவின தண்ணி எங்கே போகும்? ஓடைக்கு. ஓடையிலிருந்து ஏரிக்கு. ஏரியிலிருந்து கிணத்துக்கு. உப்பேறின மண்ணுல நெல் வராது, தென்னை பட்டுப்போகும்.

வேலூர்க்காரங்க சிலர் சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு வந்தது. சட்டம் படிக்கிற ஃப்ரெண்டு யாராவது இருந்தா 'வேலூர் சிட்டிசன்ஸ் கேஸ்'னு சொல்லிப் பாருங்க, டக்குன்னு நிமிர்ந்து உட்காருவாங்க. மாசுபடுத்தினவனே காசு கட்டணும்கிற கொள்கையும், கெடுதல் வர்றதுக்கு முன்னாடியே தடுக்கணும்கிற கொள்கையும் நம்ம நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு அந்தத் தீர்ப்புதான் அழுத்திச் சொன்னது. நாடு முழுக்க சட்டக் கல்லூரியில பாடமா இருக்கு. அந்தத் தீர்ப்புலயே ரெண்டு கணக்கு வருது. ஒரு கிலோ லெதர் தயாரிக்க சுமார் 35 லிட்டர் தண்ணி. டேனரி வட்டாரத்துல கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பாழ்.

அப்புறம் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துச்சு. கழிவுநீரை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தணும்னு கட்டாயம் வந்துச்சு. நிலைமை பழைய மாதிரி இல்ல, நிஜமாவே மாறியிருக்கு. ஆனா தண்ணியைப் பிரிச்சா மிஞ்சுற உப்பையும் சேறையும் எங்கே வைக்கிறதுன்னு யாருக்கும் தெரியல. 2015 ஜனவரி கடைசியில ராணிப்பேட்டை சிப்காட்ல அப்படிச் சேர்த்து வெச்ச கழிவுத் தொட்டியோட சுவர் இடிஞ்சு விழுந்து, தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்துப்போனாங்க. 2025 ஜனவரி 30ல சுப்ரீம் கோர்ட் பாலாறு விஷயத்துல இன்னொரு தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு கொடு, மாசுபடுத்தினவங்ககிட்டேருந்து வசூல் பண்ணு, கண்காணிக்கக் கமிட்டி போடுன்னு. ரெண்டு தீர்ப்புக்கும் நடுவுல 28 வருஷம் ஓடிப்போச்சு. உங்கள்ல பல பேர் பிறந்து, வளர்ந்து, காலேஜுக்கே வந்துட்டீங்க.

அப்போ பட்டைக்கே திரும்பிடலாமா?

ஓடைக்கரையில உட்கார்ந்து நான் அப்படித்தான் நினைச்சேன். 'குரோமியத்தைத் தூக்கிப் போடு, ஆவாரம்பட்டையைக் கொண்டு வா, சிம்பிள்!' ஸ்டேட்டஸ் போடக்கூட ரெடியாயிட்டேன்.

அப்புறம் படிச்சுப் பார்த்தா அதுவும் அவ்வளவு சிம்பிள் இல்ல. பட்டையில பதப்படுத்தினாலும் உப்பு உண்டு, சுண்ணாம்பு உண்டு, நிறைய தண்ணி வேணும், கழிவு கறுப்பாத்தான் போகும். பட்டை உரிச்சா புதர் காலி. வெள்ளைக்காரன் காலத்துலயே ஆவாரம்பட்டை பத்தாம தென்னாப்பிரிக்காவுலேருந்து வாட்டில் மரத்தோட பட்டையை இறக்குமதி பண்ணியிருக்காங்க. அப்புறம் அதை நம்ம மலையிலயே வளர்ப்போம்னு நீலகிரியில ஏக்கர் கணக்கா நட்டாங்க. இப்போ அந்த வாட்டில், அங்கேயிருந்த புல்வெளியையும் சோலையையும் அமுக்கிட்டுப் பரவிக் கிடக்கு. நம்ம ஊர் செருப்பு தேவைக்கு எங்கேயோ ஒரு மலை மாறிப்போச்சு.

'அப்போ மொத்தமா மூடிடு'ன்னு சொல்வீங்களா? விடியற்காலையில ஆம்பூர் பக்கம் வந்து பாருங்க. கிராமம் கிராமமா ஃபாக்டரி பஸ் வரும். தலை ஈரம் காயாம, கையில டிபன் டப்பாவோட பெண்கள் ஏறுவாங்க. ஷூ தைக்கிறவங்க. அவங்க சம்பளத்துல படிக்கிற பசங்க உங்க க்ளாஸ்லயே இருக்காங்க. ஒருவேளை அவங்களும் 'வேலூர் பக்கம்'னு சொல்லிட்டு இருக்கலாம்.

ஏன் அப்படிச் சொல்றோம்? இதை நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். வெறும் நாத்தம் மட்டும் காரணம் இல்ல. மீன் மார்க்கெட்டும்தான் நாறுது. தோலைத் தொட்டு வேலை செய்றவங்க யாருன்னு இந்த ஊர்ல ஒரு பழைய கணக்கு இருக்கு. பெரும்பாலும் தலித் மக்கள், இஸ்லாமியர்கள். லெதர் ஷூ போட்டு இன்டர்வியூ போறது கௌரவம், அந்த லெதரைத் தொட்டவன் கை கேவலம். ரயில்ல ஜன்னலைச் சாத்தினப்போ நான் சாத்தினது காத்தை மட்டும் இல்ல. என் தாத்தாவையும்தான்.

அவர் கையை நான் சரியாப் பார்த்ததே இல்ல. உள்ளங்கை கோட்டுல எல்லாம் ஒரு பழுப்புக் கறை இருக்கும். குளிச்சாலும் போகாது. சின்ன வயசுல அழுக்குன்னு நினைச்சேன். அன்னைக்கு ஆவாரங்குச்சியை உரிச்ச என் நகக்கண்ணுல அதே பழுப்பு. பஸ்ல திரும்பி வரும்போது பார்த்துக்கிட்டே வந்தேன். வீட்டுல சோப்பு போட்டுத் தேய்ச்சேன். உடனே போகல.

காட்டுக்குப் போறதை நாம எல்லாரும் 'எஸ்கேப்'னு சொல்றோம். ஊர்ப் புகை, எக்ஸாம், அரியர் எல்லாத்துலேருந்தும் தப்பிச்சுப் போறது. இந்தப் பக்கம் அது நடக்காது பாஸ். இந்தக் காட்டுலேருந்துதான் ஊர் வந்தது. பட்டை, கடுக்காய், தேன், திருப்பத்தூர் கிடங்குல அடுக்கி ஏலம் விட்ட சந்தனக்கட்டை, பாலாற்றுக்குப் போக வேண்டிய தண்ணி... எல்லாத்தையும் எடுத்துக்கிட்டோம். சீத்தாப்பழம் வித்த பாட்டியோட கூடைக்குத் திரும்ப என்ன போட்டோம்? இதுக்குப் பதில் எனக்குத் தெரியல. ஆனா கேள்வியோட இறங்கி வர்றதுக்கு ஒரு தடவையாவது மேல போகணும்.

உங்கள்ல கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறவங்க இருக்கீங்க. தோலைத் தாக்காம உப்பு இல்லாம பாதுகாக்கிறது எப்படி, குரோமியத்தைத் தொட்டியிலேயே திரும்ப எடுக்கிறது எப்படின்னு வேலை பார்க்க சென்னை அடையார்ல 1948லேருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமே இருக்கு. லா படிக்கிறவங்க, சோஷியல் வொர்க் படிக்கிறவங்க, அக்ரி படிக்கிறவங்க... ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்கலைன்னு இனிமே யாரும் அழக்கூடாது. தலைப்பு காட்பாடியில ரயில் ஏறினா மூக்குலயே வந்து ஏறும்.

போறவங்க கவனத்துக்கு...

கிளம்புறதுக்கு முன்னாடி வனத்துறையில விசாரிச்சுக்கோங்க. அருவிப் பக்கம் போக எப்போ விடுறாங்க, எப்போ விடமாட்டாங்கன்னு மழையைப் பொறுத்து மாறும். மலையில மழை பெஞ்சா ஓடையில திடீர்னு தண்ணி ஏறும். நீச்சல் சாம்பியனா இருந்தாலும் அன்னைக்குக் கரையோட நிறுத்திக்கோங்க.

காப்புக்காட்டுக்குள்ள ஒரு குச்சி, ஒரு பட்டை, ஒரு காய் எடுத்தாலும் குற்றம். என்னை மாதிரி மென்னு பார்க்கணும்னா ரோட்டோர ஆவாரம் போதும். பாட்டில், சிப்ஸ் கவர் எல்லாம் பேக்லயே திரும்பி வரணும். ஸ்பீக்கரை வீட்டுல வெச்சுட்டுப் போங்க, அரை மணி நேர ரெக்கார்டை நீங்களும் முயற்சி பண்ணலாம்.

மலை ஊர்ப் பெண்கள் ரோட்டோரம் சீத்தாப்பழம், தேன், சாமை, புளி வெச்சு வித்தா பேரம் பேசாதீங்க. ப்ளீஸ். மால்ல போய் பேரம் பேசுறோமா என்ன?

வாணியம்பாடி, ஆம்பூர் கோஷ்டிக்கு அமிர்தி தூரம்னா, இதே மலையோட உங்க பக்கம் ஆலங்காயம் வழியா காவலூர் இருக்கு. ஊர் வெளிச்சமும் தூசியும் இல்லாத காடுன்னு தேடித்தான் 1968ல அங்கே வானத்தைப் பார்க்கக் கூடாரம் போட்டாங்க. 1986ல 2.3 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. இருட்டுக்கும் காடுதான் வேணும்னு அங்கே போனா புரியும்.

கடைசியா ஒண்ணு. 2019 நவம்பர்லேருந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். அதனால 'வேலூர் பக்கம்'னு சொல்லித் தப்பிக்கிறது சட்டப்படியே செல்லாது. இப்போ என்னை யாராவது எந்த ஊர்னு கேட்டா, ஆம்பூர்னு சொல்றேன். 'ஓ... பிரியாணி!'ன்னு சொல்வாங்க. 'ஆமா, அப்புறம் ஆவாரம்பட்டை'ன்னு சொல்வேன். 'அப்படின்னா?'ன்னு கேட்பாங்க.

அப்போ உங்ககிட்ட சொன்ன இந்தக் கதையை முதல்லேருந்து ஆரம்பிப்பேன். நீங்களும் ரயில்ல அந்தப் பக்கம் போறப்போ ஜன்னலைச் சாத்த வேணாம். ரெண்டு நிமிஷம்தான்... ஊர் தாண்டிடும்.

அடுத்த வாரம் சந்திப்போம்!